ஹாம் போட்டு அடக்கம்

வட இங்கிலாந்தில், எங்கள் ஓட்லி ஊரில் ஒரு ஆளை நல்லபடியாக அடக்கம் பண்ணினார்களா என்று விசாரிப்பவர்கள் பாதிரியார் என்ன பேசினார் என்று கேட்கமாட்டார்கள். பெட்டி என்ன மரம் என்றும் கேட்கமாட்டார்கள். "ஹாம் போட்டாங்களா?" என்றுதான் கேட்பார்கள். பன்றித் தொடையை உப்பில் புரட்டி, மாதக்கணக்கில் தொங்கவிட்டு, வேகவைத்து, மெல்லிசாக அரிந்து, கல்லறையிலிருந்து திரும்புகிறவர்களுக்கு ரொட்டியோடும் தேநீரோடும் வைக்க வேண்டும். என் சொந்தப் பெரியம்மாவின் காரியத்துக்கு மீன் விழுது தடவிய ரொட்டி வைத்து ஒப்பேற்றினார்கள். முப்பது வருஷம் ஆகிவிட்டது. அந்தக் குடும்பத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் இன்றைக்கும் முதலில் வந்து விழுவது அந்த மீன்தான்.

நான் பிரெண்டா தாக்ரே. கல்யாணம், காரியம், கூட்டம் எதுவானாலும் சமைத்துக் கொடுப்பது என் பிழைப்பு. 1993 மே மாதம் ஒரு வியாழக்கிழமை எனக்கு இரண்டு வேலை ஒன்றாக வந்து சேர்ந்தது.

ஒன்று, லீட்ஸில் நடந்த மாநாட்டுக்கு வந்தவர்கள். பாலம் கட்டும் பொறியாளர்கள், நாற்பத்திரண்டு பேர், பத்துப் பதினைந்து நாட்டுக்காரர்கள். மூன்று நாள் பாலத்தைப் பற்றியே பேசி அலுத்துப்போய் நான்காம் நாள் ஊர் சுற்றக் கிளம்பினார்கள். அவர்களுக்குக் கொடுத்த தாளை நானும் பார்த்தேன். காலையில் போல்டன் மடத்தின் இடிபாடு, ஆற்றைக் கடக்கும் கல் வரிசை. மதியம் புல்வெளியில் சாப்பாடு. பிறகு ஸ்கிப்டனில் கால்வாய்ப் படகு. சாயங்காலம் பீர். சாப்பாட்டுக்கு நேராக ‘வடக்கின் அசல் ருசி’ என்று அச்சடித்திருந்தார்கள். எழுதினவன் தெற்கத்திக்காரனாகத்தான் இருக்க வேண்டும். வடக்கின் அசல் ருசி எங்கள் தேநீர். அதை எந்த வெளியூர்க்காரனும் இரண்டாவது வாய் குடித்து நான் பார்த்ததில்லை.

இன்னொன்று, வில்ஃப் லோஃப்ட்ஹவுஸின் அடக்கம்.

வில்ஃப் அச்சு இயந்திரம் செய்யும் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஆற்றோரம் குத்தகைக்கு எடுத்த தோட்டத்தில் இரண்டு பன்றி வளர்த்தார். வருஷம் ஒரு ஹாம் போடுவார். அதைச் சாப்பிட்டவர்கள் "தின்னலாம்" என்பார்கள். எங்கள் ஊரில் அதற்கு மேல் யாரையும் புகழ்ந்து பழக்கமில்லை, புகழ்ந்தால் தலையில் ஏறிவிடும் என்று பயம். வீட்டிலும் அதே கதைதான். அவர் மனைவி ஹெஸ்டர் நாற்பத்தாறு வருஷமாக ஒவ்வொரு தடவையும் முதல் வாயை மென்றுவிட்டு "உப்பு கொஞ்சம் கூட" என்பார். வில்ஃபும் தலையை ஆட்டிக்கொள்வார். அடுத்த வருஷமும் அதே உப்பைத்தான் போடுவார்.

நுரையீரலில் கோளாறு என்று இரண்டு வருஷத்துக்கு முன் டாக்டர் சொன்ன வாரம், வில்ஃப் கடைசிப் பன்றியை வெட்டினார். அதன் ஒரு தொடையை உப்புப் போட்டு, துணியில் சுற்றி, சமையலறை உத்தரத்தில் தொங்கவிட்டார். "இது எனக்கு" என்று ஹெஸ்டரிடம் சொன்னார். அவருடைய காரியத்துக்கு. ஆனால் யாருக்கும் முன்கூட்டிச் சொல்லக் கூடாது. எல்லோரும் தின்று முடித்த பிறகு ஹெஸ்டர் எழுந்து நின்று, இது வில்ஃப் போட்ட ஹாம் என்று சொல்ல வேண்டும். "உசுரோட இருக்கும்போது வாயத் தொறக்காத பயலுங்க அப்பவாச்சும் என்ன சொல்றாங்கன்னு பாரு. பாத்துட்டு வந்து எங்கிட்ட சொல்லு" என்றாராம்.

ஹெஸ்டர் அதைத் தலையணை உறையில் போட்டு என்னிடம் கொண்டுவந்து கொடுத்தது செவ்வாய்க்கிழமை. கொடுக்கும்போது இதையெல்லாம் சொன்னார். எழுபது வயதுப் பெண்மணி, யாரிடமும் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசாதவர். "பாத்துக்கறேன் மிஸஸ் லோஃப்ட்ஹவுஸ்" என்றேன். "யாருக்கும் தெரிய வேண்டாம்" என்று மறுபடி சொல்லிவிட்டுப் போனார்.

நானும் யாரிடமும் சொல்லவில்லை. எனிடிடம்கூட. பன்னிரண்டு வருஷமாக என் கூடவே வேலை செய்கிறவள் அவள். அவளிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இந்தக் கதையே இல்லை. வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் மரியாதை என்று வளர்த்துவிட்டார்கள், அதன் பலனை அன்றைக்கு அனுபவித்தேன்.

புதன்கிழமை நானே அதை வேகவைத்தேன். உள்சதை கறுஞ்சிவப்பு. அறை முழுக்க அப்படியொரு வாசனை. பக்கத்தில் மாநாட்டுக்காரர்களுக்கென்று மொத்தக் கடையில் வாங்கின ஹாம், வெளிறிப்போய் ஈரமாகக் கிடந்தது. இரண்டையும் தட்டில் வைத்து வெள்ளைத் துணி போட்டு மூடினேன். மறுநாள் காலை ஒன்பது மணிக்கு நான் சர்ச் கூடத்தில் மேஜை போடப் போய்விட்டேன். ஒன்பதரைக்குப் பேருந்து ஓட்லி வழியாக வரும்போது மாநாட்டுச் சாப்பாட்டை ஏற்றிவிட வேண்டியது எனிடின் பொறுப்பு.

பன்னிரண்டு மணிக்குத் திரும்பி வந்து துணியைத் தூக்கினேன். வெளிறின ஹாம் என்னைப் பார்த்தது.

எனிட் கையைத் துடைத்துக்கொண்டே வந்து, என்ன ஆச்சு என்றாள். இன்னொன்று எங்கே என்று கேட்டேன்.

"பஸ்ஸுல ஏத்திட்டேன். வெளியூர்க்காரங்க சாப்பிடப்போறது. நல்லதத்தானே குடுக்கணும்? நம்ம ஆளுங்க எத வெச்சாலும் தின்பாங்க."

அவளைக் குற்றம் சொல்லிப் பிரயோஜனமில்லை. அவள் வீட்டு முன்னறையில் ஒரு சோபா இருக்கிறது. வாங்கினது 1971இல். அதில் அவள் குடும்பத்தார் ஒருவரும் உட்கார்ந்தது கிடையாது. டாக்டர் வந்தால் உட்காருவார், பாதிரியார் வந்தால் உட்காருவார். எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் அப்படித்தான், என் வீட்டிலும்தான். நல்ல கோப்பை, நல்ல துண்டு, நல்ல நாற்காலி எல்லாம் முகம் தெரியாதவனுக்கு. நம்மவனுக்கு விளிம்பு உடைந்த கோப்பை.

விஷயத்தைச் சொன்னேன். எனிட் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

ஒன்றரைக்குப் பூசை. இரண்டேகாலுக்குக் கல்லறை. மூன்று மணிக்கு எழுபது பேர் சாப்பிட வருவார்கள். மாநாட்டுக்காரர்களின் சாப்பாடு பன்னிரண்டரைக்கு, போல்டன் புல்வெளியில். வண்டியில் விரட்டிப் போனால் முப்பத்தைந்து நிமிஷம். முதலில் பன்றிக்கறி அடைத்துச் சுட்ட மாவுப் பலகாரத்தைத் தின்பார்கள், ஹாமைத் தொடுவதற்குள் பிடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். சாவுக்கென்று போட்ட கறுப்புச் சட்டை, கறுப்புச் செருப்போடு அப்படியே வண்டியை எடுத்தேன்.

இல்க்லி தாண்டும்போது மழை பிடித்துக்கொண்டது. எங்கள் பக்கத்து மே மாதத்து மழை, பக்கவாட்டில் அடிப்பது. போல்டனில் வண்டி நிறுத்துமிடத்தில் ஒரு பேருந்துகூட இல்லை. இடிந்த மடம் நனைந்துகொண்டிருந்தது. சீட்டுக் கொடுக்கிற பெண்மணி குடைக்குள்ளிருந்து, வெளிநாட்டுக்காரர்களா, கல்லைத் தாண்டும்போது ஒருவர் ஆற்றில் விழுந்தார், மழையும் வந்துவிட்டது, சாப்பாட்டைப் படகிலேயே வைத்துக்கொள்வோம் என்று ஸ்கிப்டனுக்குப் போய்விட்டார்கள் என்றாள். எப்போது என்றேன். கால் மணி ஆகிறது என்றாள். வண்டியை ஸ்கிப்டனுக்குத் திருப்பினேன்.

ஸ்கிப்டனில் சந்தை நாள் இல்லை, அந்த மட்டில் பிழைத்தேன். ஆனால் வழி முழுக்க எனக்கு முன்னால் ஒரு டிராக்டர் போயிற்று. அதன் பின்னால் போகும்போது நான் கடவுளிடம் பேரம் பேசினேன். பாதியாவது மீதி வை. பாதி இருந்தால் எழுபது பேருக்குத் தலைக்கு ஒரு துண்டு தேறும். பிறகு, கால்வாசியாவது வை என்றேன். கடைசியில் ஹெஸ்டருக்கு ஒரு தட்டு மட்டுமாவது என்று இறங்கி வந்துவிட்டேன். இறந்தவரை ஒரு தடவைகூட நினைக்கவில்லை என்பதை இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஹெஸ்டரின் முகம்தான் கண் முன்னால் நின்றது. எழுந்து நின்று, பேச வாயைத் திறக்கிற முகம்.

படகுத்துறையில் என் காலிக் கூடைகள் மட்டும் இருந்தன. படகு கிளம்பிப் பத்து நிமிஷமாகியிருந்தது.

கால்வாய்ப் படகு ஆள் நடக்கிற வேகத்துக்கு மேல் போகாது. கரையோரம் ஒற்றையடிப் பாதை கூடவே ஓடுகிறது. நான் ஓடினேன். ஐம்பத்திரண்டு வயது, பழக்கமில்லாத செருப்பு, முழங்கால் வரை சேறு. ஒரு வளைவு தாண்டினதும் படகு தெரிந்தது. நீளமான சிவப்புப் படகு, இரண்டு பக்கமும் கண்ணாடி ஜன்னல், உள்ளே மஞ்சள் விளக்கு. பக்கத்தில் போய்ச் சேர்ந்துவிட்டேன். எனக்கும் ஜன்னலுக்கும் நடுவில் ஆறடித் தண்ணீர்.

வில்ஃபின் ஹாம் நடு மேஜையில் இருந்தது. பாதி இருந்தது. சத்தியமாகப் பாதி இருந்தது.

பின்னால் சுக்கானைப் பிடித்துக்கொண்டிருந்த ஆளை எனக்குக் கொஞ்சம் பழக்கம், ராம்ஸ்டன் என்று பெயர். நிறுத்தச் சொல்லிக் கத்தினேன். என்ன விஷயம் என்று கேட்டார். சாப்பாடு மாறிப்போய்விட்டது என்றேன்.

"அவங்க ஒண்ணும் கொற சொல்லலியே கண்ணு."

"ராம்ஸ்டன், நிறுத்துங்க. உங்க காலப் பிடிக்கிறேன்."

"கரையோரம் இங்க ஆழம் பத்தாது. ஒதுக்கினா அடி தட்டிப்போகும். பாலத்துக்கிட்ட நிறுத்துவேன், அது வரைக்கும் நட."

பாலம் அரை மைல். நான் நடந்தேன். நடக்க நடக்க ஜன்னலுக்குள் பார்த்துக்கொண்டே போனேன். அதைப் போல ஒரு சித்திரவதையை என் வாழ்நாளில் நான் அனுபவித்ததில்லை. வழுக்கைத் தலைக்காரர் ஒருவர் கத்தியைத் தீட்டித் தீட்டி அரிந்தார். நல்ல கை அவருக்கு, காகிதம் மாதிரி அரிந்தார். தட்டுகள் நீண்டன. ஒருவர் இரண்டாம் தடவை, ஒருவர் மூன்றாம் தடவை. நான் கண்ணாடியைப் பார்த்துக் கையை ஆட்டினேன், வேண்டாம் என்று தலையை ஆட்டினேன், கழுத்தை அறுத்துக்கொள்வதுபோல் காட்டினேன். மழையில் கூடவே நடந்துவருகிற கறுப்புச் சட்டைக்காரி தங்களை வாழ்த்துகிறாள் என்று எண்ணிக்கொண்டு அவர்களும் கையை ஆட்டினார்கள். ஒரு மகராசன் முள்கரண்டியில் ஹாமைக் குத்தி எனக்குத் தூக்கிக் காட்டிவிட்டு வாயில் போட்டுக்கொண்டான். மேஜைக்கு மேஜை பீர் புட்டிகள். வடக்கின் அசல் ருசி.

அப்புறம் நான் பார்க்காமல் ஓடினேன். படகை முந்திக்கொண்டு பாலத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். அந்தப் பாலம் கால்வாயின் குறுக்கே தாழப் படுத்திருக்கும். படகு வந்தால் ஒரு ஆள் இறங்கி, நீளக் கட்டையைப் பிடித்துத் தள்ளி, கதவைத் திறப்பதுபோல் அதை ஒரு பக்கமாகத் திருப்ப வேண்டும். நான் நடுப் பாலத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன். என் மேல் ஏற்றிக்கொண்டு போகட்டும் என்று நினைத்தேன்.

படகு நின்றது. பொறியாளர்கள் பாலத்தைக் கண்டதும் குழந்தைகள் மாதிரி கேமராவோடு வெளியே வந்துவிட்டார்கள். சுழலும் அச்சு எங்கே, ஈடுகட்டும் எடை எங்கே என்று ஒருவருக்கொருவர் காட்டிக்கொண்டார்கள். நான் அவர்களை இடித்துக்கொண்டு உள்ளே போனேன்.

எலும்புதான் இருந்தது.

பக்கத்தில் ஒரு பெண்மணி, என் வயதிருக்கும், தட்டில் ஒட்டியிருந்த கொழுப்பை ரொட்டியால் வழித்துக்கொண்டிருந்தாள். சட்டையில் குத்தியிருந்த அட்டையில் கிராசா என்று பெயர், கீழே போர்ச்சுகல். நான் எலும்பைப் பார்த்துக்கொண்டு நிற்பதைக் கண்டு, நீங்கள்தான் சமைத்தவரா என்று கேட்டாள். நிதானமாக, வார்த்தையைத் தேடித் தேடிப் பேசினாள்.

"எங்க மலையில நாங்களும் இத செய்வோம். எங்க அப்பா செய்வார். இது ரெண்டு வருஷம் தொங்கியிருக்கு, சரியா? இத செஞ்சவரு அவசரப்படாத ஆளு. அவரப் பாக்கணும் எனக்கு. எங்க இருக்காரு?"

எனக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. அவர்கள் மேல் அத்தனை வெறுப்பு, ஆனால் வெறுக்க ஒரு காரணமும் இல்லை.

"சர்ச்சுல இருக்காரு, பெட்டிக்குள்ள. இன்னிக்கி அவருக்கு அடக்கம். இது அவரு சாவுக்கு வர்றவங்களுக்குன்னு அவரே செஞ்சு வெச்சது" என்றேன்.

கிராசா கையிலிருந்த ரொட்டியைத் தட்டில் வைத்தாள். திரும்பி ஏதோ சொன்னாள். அது மேஜை மேஜையாக, பாஷை பாஷையாகப் போயிற்று. சத்தம் அடங்கியது. அவள் எழுந்து நின்றாள். பிறகு ஒவ்வொருவராக எல்லோரும் எழுந்தார்கள். படகின் கூரை தாழ்வு. உயரமானவர்கள் கழுத்தை மடக்கிக்கொண்டு நின்றார்கள். பாலத்தில் இருந்தவர்களும் கேமராவைத் தொங்கவிட்டுவிட்டு நின்றார்கள். ராம்ஸ்டன் தொப்பியைக் கழற்றினார். எவ்வளவு நேரம் என்று தெரியாது. வில்ஃபின் பெயரை ஒருவர் கேட்டார், சொன்னேன். அவருக்கு உச்சரிக்க வரவில்லை, மூன்று தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார். நான் எலும்பைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு மழையில் திரும்ப நடந்தேன்.

ஓட்லிக்கு வந்து சேர்ந்தபோது மூன்றுக்குப் பத்து நிமிஷம். எனிட் வெளிறின ஹாமை அரிந்து அடுக்கியிருந்தாள். கூட்டம் கல்லறையிலிருந்து வந்துகொண்டிருந்தது. ஹெஸ்டரைத் தனியாகப் பிடித்துச் சொல்லிவிட வேண்டும் என்று வாசலில் நின்றேன். இரண்டு பக்கமும் மருமகள்கள், பின்னால் பாதிரியார். ஹெஸ்டர் என்னைப் பார்த்து இலேசாகத் தலையசைத்துவிட்டு உள்ளே போனார். அந்தத் தலையசைப்பில் அவருக்கும் எனக்கும் மட்டும் தெரிந்த இரகசியம் இருந்தது. நான் சமையல்கட்டுக் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். ஓடிப்போய்விடலாம் என்று நிஜமாகவே தோன்றியது.

தட்டு வைத்தார்கள். ஹெஸ்டர் ஒரு துண்டை வெட்டி வாயில் போட்டார். மென்றார். மெல்லுவது நின்றது. எதிரே இருந்த சுவரைப் பார்த்தார். பிறகு மறுபடி மென்று விழுங்கினார். தட்டில் இருந்தது முழுவதையும் ஒரு துணுக்கு விடாமல் சாப்பிட்டார்.

எல்லோரும் தேநீருக்கு வந்த சமயம் அவர் மேஜையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"சாப்பிட்டதுக்கு நன்றி. இந்த ஹாம் வில்ஃப் போட்டது. அவரே உங்களுக்காக வெச்சுட்டுப் போனது. சொல்லச் சொன்னாரு."

உட்கார்ந்துவிட்டார். எழுபது பேரும் காலித் தட்டைப் பார்த்தார்கள். வில்ஃபோடு நாற்பது வருஷம் போட்டி போட்டுப் பன்றி வளர்த்த ஆர்னல்ட் மூக்கை உறிஞ்சினார். "அதானே பாத்தேன். இந்த மாதிரி ஒண்ண நான் என் வாழ்க்கையிலயே தின்னதில்ல" என்றார். அடுத்தவர், வாயில் கரைந்தது என்றார். இன்னொருவர், இதை அன்றைக்கே அவரிடம் சொல்லியிருக்கலாம் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். எங்கள் ஊரில் ஒரே நாளில் அத்தனை புகழ்ச்சி அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. எல்லாம் மொத்தக் கடையில் பிளாஸ்டிக் உறையோடு நான் வாங்கி வந்த ஹாமுக்கு.

கடைசி ஆள் போன பிறகு ஹெஸ்டர் சமையல்கட்டுக்கு வந்து முக்காலியில் உட்கார்ந்தார். எனிட் தலையைக் குனிந்துகொண்டு வெளியே போய்விட்டாள்.

"எங்க போச்சு?" என்றார்.

எல்லாவற்றையும் சொன்னேன். எனிட் மேல் பழியைப் போடவில்லை. உங்கள் இரகசியத்தை நான் அதிகமாகக் காப்பாற்றிவிட்டேன் என்றேன். ஜன்னல், முள்கரண்டி, பாலம், கழுத்தை மடக்கிக்கொண்டு நின்ற நாற்பத்திரண்டு பேர். கிராசா சொன்னதை அவள் சொன்னபடியே சொன்னேன். ஹெஸ்டர் கையுறையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"அவசரப்படாத ஆளுன்னா சொன்னா?"

"ஆமா."

"சரியாத்தான் சொல்லியிருக்கா. அத அவர்கிட்ட சொல்றேன்." பிறகு அவர் முகம் உடைந்தது. "ரெண்டு வருஷம் அதுக்குக் கீழதான் நின்னு சமைச்சேன் பிரெண்டா. தலையில இடிக்கும். நான் ஒரு வாய் திங்கலியே."

பையிலிருந்து துணியை எடுத்து அவர் மடியில் பிரித்து வைத்தேன். எலும்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மூட்டு இடுக்கில், கத்தி போகாத இடத்தில், கறுஞ்சிவப்பாகக் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. நகத்தால் கிள்ளி எடுத்து வாயில் போட்டார். கண்ணை மூடிக்கொண்டு மென்றார். வெகுநேரம் மென்றார்.

"உப்பு கொஞ்சம் கூட" என்றார். கண்ணீர் தாடையில் வழிந்து எலும்பில் சொட்டியது. துடைக்காமல் இன்னொரு துணுக்கைத் தேடினார்.